தாமஸ்–கில்மன் மோதல் அணுகுமுறைக் கருவி: நாட்டாமை செய்யும் சக ஊழியரைக் கையாள எவ்வளவு உதவும்?

ஒரே பதவியில், ஒரே மேலாளருக்குக் கீழே பணியாற்றும் இருவரில் ஒருவர் மற்றவருக்கு மேலதிகாரியைப் போல நடந்துகொள்ளத் தொடங்குவது அலுவலகங்களில் அரிதான செய்தி அன்று. வேலையைத் தாமே பிரித்துக் கொடுப்பார். மேலாளர் கேட்காத அறிக்கையை நாள்தோறும் தமக்கு அனுப்பச் சொல்வார். பிறர் பொறுப்பில் உள்ள கோப்பில் முடிவெடுத்துவிட்டு உரியவருக்கு நகல் மட்டும் அனுப்புவார். புதிதாகச் சேர்ந்தவர்கள் அவரையே பிரிவின் தலைவர் என்று நம்பி விடுப்புக்கும் அவரிடமே போய் நிற்பார்கள். இத்தகைய நாட்டாமையை எதிர்கொள்ள வழி தேடுகிறவர்களிடம் மனிதவளத் துறையினரும் பயிற்சியாளர்களும் அடிக்கடி எடுத்து நீட்டுவது ஒரு வினாத்தொகுப்பு: தாமஸ்–கில்மன் மோதல் அணுகுமுறைக் கருவி. குழுப் பயிற்சிகளுக்கு அது எப்படிப் பயன்படுகிறது என்பது இந்த மதிப்புரையின் அக்கறை அன்று. வரம்பு மீறும் சக ஊழியர் என்ற ஒரே சிக்கலை முன்னால் வைத்து, இதை வாங்கி நிரப்புவதில் பயன் உண்டா என்பதை மட்டுமே பார்க்கிறேன்.

கருவியின் அமைப்பு எளிமையானது. கென்னத் தாமஸ், ரால்ஃப் கில்மன் என்ற இரு ஆய்வாளர்கள் உருவாக்கி 1974-இல் வெளிவந்த இதை இப்போது மையர்ஸ்–பிரிக்ஸ் நிறுவனம் வெளியிடுகிறது. அதே நிறுவனத்தின் புகழ்பெற்ற ஆளுமைத் தேர்வோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நீங்கள் எத்தகைய மனிதர் என்று சொல்ல இது முற்படுவதில்லை, உங்கள் விருப்பமும் இன்னொருவர் விருப்பமும் முரண்படும்போது வழக்கமாக என்ன செய்கிறீர்கள் என்றுதான் கேட்கிறது. மொத்தம் 30 இணை வாக்கியங்கள். ஒவ்வோர் இணையிலும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். விடைகள் போட்டியிடல், ஒத்துழைத்தல், சமரசம், தவிர்த்தல், விட்டுக்கொடுத்தல் என்ற ஐந்து அணுகுமுறைகளாகத் தொகுக்கப்படுகின்றன. தம் தேவையை ஒருவர் எவ்வளவு வலியுறுத்துகிறார், பிறர் தேவைக்கு எவ்வளவு இடம் தருகிறார் என்ற இரு அச்சுகளின் மேல் இவ்வைந்தும் வைக்கப்பட்டுள்ளன. 1964-இல் ராபர்ட் பிளேக்கும் ஜேன் மௌட்டனும் மேலாண்மைப் பாணிகளை வகைப்படுத்த வரைந்த கட்டமே இதற்கு முன்னோடி.

நிரப்பத் தொடங்கியவுடன் பெரும்பாலானோருக்கு எரிச்சல் வரும். ஏனெனில் பல இணைகளில் இரண்டு வாக்கியங்களும் பொருந்துவதாகத் தோன்றும், சிலவற்றில் இரண்டுமே பொருந்தாது. ஆனாலும் ஒன்றைக் குறித்தே தீர வேண்டும், ‘இரண்டும் இல்லை’ என்று நழுவ வழி கிடையாது. இது தெரிந்தே செய்யப்பட்ட ஏற்பாடு. தாம் உண்மையில் செய்வதை விட்டுவிட்டு, கேட்பவருக்கு நல்லதாகத் தோன்றும் விடையைக் குறிக்கும் பழக்கம் அதற்கு முந்தைய வினாத்தொகுப்புகளின் முடிவுகளைக் கெடுத்துவந்தது. ஆகவே கேட்பவர் காதுக்கு ஏறத்தாழ ஒரே அளவு இனிமையாக ஒலிக்கும் வாக்கியங்களை இணை சேர்த்து, அந்தத் தப்பிக்கும் வாசலை இவர்கள் அடைத்தார்கள். அலுவலகச் சூழலில் இது சிறு விஷயம் அன்று. ‘நீங்கள் ஒத்துழைப்பவரா’ என்று நேரடியாகக் கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள், அதுவும் விடைத்தாள் மேலாளர் கைக்குப் போகக்கூடும் என்ற ஐயம் இருக்கையில்?

எங்கள் நோக்கத்துக்கு இந்தக் கருவியின் மிகப் பெரிய பலன் தொடக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. முதல் இணையில் வரும் ஒரு வாக்கியம், சிக்கலைத் தீர்க்கும் பொறுப்பைச் சில வேளைகளில் பிறரிடம் விட்டுவிடுவது உண்டு என்ற பொருளில் அமைந்துள்ளது. தவிர்த்தல் என்ற அணுகுமுறையின் கணக்கில் சேரும் வாக்கியம் அது. சக ஊழியரின் நாட்டாமையால் அவதிப்படுபவர் அதைப் படிக்கும்போது, அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்ட ‘பிறர்’ யார் என்ற கேள்வி தானாகவே எழுகிறது. மேலாளர் முடிவு சொல்லாத நாளில், யாரும் வாய் திறக்காத கூட்டத்தில், தீர்க்கப்படாமல் கிடந்த வேலையை எடுத்துக்கொண்டவர்தான் பிறகு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறார். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது என்று நாம் சொல்வதில் பிடுங்குபவரைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். இடம் எப்போது, எந்த வடிவில் கொடுக்கப்பட்டது என்பதைப் பக்கம் பக்கமாகக் காட்டுவதற்கு இந்த வினாத்தொகுப்பு பொருத்தமாக அமைந்திருக்கிறது.

இதை நான் வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. தொலைபேசி நிறுவனம் ஒன்றை நிர்வகித்தவரும் மேலாண்மைச் சிந்தனையாளருமான செஸ்டர் பர்னார்ட் 1938-இல் முன்வைத்த வாதப்படி, ஓர் ஆணைக்கு அதிகாரம் இருக்கிறதா இல்லையா என்பதை முடிவுசெய்வது அதைப் பிறப்பித்தவர் அல்லர், அதை ஏற்றுக்கொள்பவரே. ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் ஆணைகளின் வட்டம் ஒன்று உண்டு என்றும் அவர் சொன்னார். வரம்பு மீறும் சக ஊழியரின் கலை முழுவதும் அந்த வட்டத்துக்குள்தான் தொடங்குகிறது. முதலில், ‘அந்தப் பட்டியலை எனக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்’ என்பார். மறுக்க அதில் என்ன இருக்கிறது? பிறகு, ‘அனுப்புவதற்கு முன் என்னிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், பிழை இருந்தால் பார்த்துச் சொல்கிறேன்’ என்பார். அதுவும் உதவியாகவே ஒலிக்கிறது. சில மாதங்களில், அவர் பார்க்காமல் எதுவும் வெளியே போகக்கூடாது என்பது எங்கும் எழுதப்படாத விதியாகிவிடுகிறது, அந்த விதியை யார் போட்டார் என்று ஒருவராலும் சொல்ல முடிவதில்லை. ஒவ்வொரு படியும் தனித்தனியே பார்த்தால் எதிர்க்கத் தகாத அளவுக்குச் சிறியது. விட்டுக்கொடுத்தலும் தவிர்த்தலும் வழக்கமாகிப் போனவர்களால் அந்தப் படிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க முடிவதில்லை.

எங்கள் பிரிவில் இதை இணையவழியில் நிரப்பியவர்களில் ஒருவருக்குத் தவிர்த்தலில் மிக உயர்ந்த நிலை வந்தது. ‘நான் பொறுமைசாலி’ என்று தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அறிக்கையைப் படித்த பிறகு, அந்தப் பொறுமையால் தமக்கு என்ன கிடைத்தது, அந்தச் சக ஊழியருக்கு என்ன கிடைத்தது என்று எழுதிப் பார்த்ததாகச் சொன்னார். முதல் பத்தியில் எழுத எதுவும் இல்லை என்றார். ஒரு வினாத்தொகுப்பு இவ்வளவு செய்தாலே அதற்கான நேரம் வீணாகவில்லை என்பேன்.

இனி அறிக்கையைப் பற்றி. தாள் வடிவில் நிரப்பினால் மதிப்பெண்ணை நாமே கூட்டிக்கொள்ளலாம்; இணைய வடிவில் வரைபடமும் விளக்கமும் கொண்ட அறிக்கை வருகிறது. உங்கள் மதிப்பெண் முன்னர் நிரப்பியவர்களின் மதிப்பெண்களோடு ஒப்பிடப்பட்டு, மேல் 25 விழுக்காட்டில் இருந்தால் உயர்வு, கீழ் 25 விழுக்காட்டில் இருந்தால் தாழ்வு, நடுவில் இருந்தால் மிதம் என்று குறிக்கப்படுகிறது. மிக உயர்ந்து நிற்கும் அணுகுமுறையை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவதன் அடையாளங்கள், தாழ்ந்து நிற்பதைப் போதாமல் பயன்படுத்துவதன் அடையாளங்கள் என்று கேள்விகளாகக் கேட்கும் பகுதியே அறிக்கையின் சிறந்த பகுதி. வடிவமைப்பையும் வண்ணங்களையும் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அலுவலக அறிக்கை எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது.

எண்களை வாசிப்பதில் ஒரு கவனம் தேவை. பயிற்சியாளர்கள் பலர் இதை விளக்காமல் கடந்துவிடுகிறார்கள். ஐந்து அணுகுமுறைகளில் எந்த இரண்டை எடுத்தாலும் அவை மூன்று முறை எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. ஆகவே ஒவ்வோர் அணுகுமுறையும் 12 இடங்களில் வருகிறது. ஒன்றுக்குப் பெறக்கூடிய உச்ச மதிப்பெண் 12, ஐந்தின் கூட்டுத்தொகை எப்போதும் 30. இதன் விளைவு என்னவென்றால், ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கியே ஆக வேண்டும். போட்டியிடலில் தாழ்ந்த எண் வந்தது என்பதற்கு உங்களுக்கு எதிர்த்து நிற்கவே தெரியாது என்பது பொருள் அன்று. மற்ற நான்கோடு ஒப்பிடும்போது அதை அரிதாகத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதே பொருள். ‘நீங்கள் போட்டியில் இரண்டுதான், அதனால்தான் அவர் உங்கள் தலைமேல் ஏறுகிறார்’ என்று ஒரு பயிற்சியாளர் சொன்னால், அவர் கருவியின் கணக்கைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று கொள்ளலாம்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. பொதுவாக, வழக்கமாக என்ன செய்வீர்கள் என்றே கருவி கேட்கிறது. ஆனால் வீட்டில் ஒருவிதமாகவும், வாடிக்கையாளரிடம் இன்னொரு விதமாகவும், இந்தக் குறிப்பிட்ட சக ஊழியரிடம் முற்றிலும் வேறு விதமாகவும் நடந்துகொள்பவர்தான் நம்மில் பெரும்பாலானவர். பொதுவாக நினைத்து ஒருமுறையும், அந்த ஒருவரை மட்டும் மனத்தில் நிறுத்தி இன்னொரு முறையும் நிரப்பிப் பார்ப்பதை நான் பரிந்துரைக்கிறேன். இரண்டாம் முறை கிடைக்கும் எண்களை விழுக்காட்டு வரைபடத்தோடு பொருத்திப் பார்ப்பதில் பயனில்லை, ஏனெனில் அந்த ஒப்பீடு பொதுவான விடைகளுக்கு உரியது. இரு முறைக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டும் பாருங்கள். பிற எல்லோரிடமும் பேசித் தீர்க்கும் ஒருவர் இவரிடம் மட்டும் ஒதுங்கிப் போகிறார் என்றால், கேள்வி அவருடைய இயல்பைப் பற்றியது அன்று, அந்த உறவில் என்ன நடந்திருக்கிறது என்பதைப் பற்றியது.

ஐந்து அணுகுமுறைகளில் எதுவும் எப்போதும் சரியன்று, எதுவும் எப்போதும் தவறன்று என்பது இதை உருவாக்கியவர்களின் நிலைப்பாடு. ஒவ்வொன்றும் எப்போது பொருந்தும் என்று விளக்கக் குறிப்பு வரிசைப்படுத்துகிறது. நம் சிக்கலுக்குத் தேவையான வரி போட்டியிடலின் கீழே இருக்கிறது: ஒருவர் போட்டியிடாமல் இருப்பதைத் தமக்குச் சாதகமாக்கிக்கொள்ளும் ஆட்களிடமிருந்து தற்காத்துக்கொள்ளவும் போட்டியிடல் உரியது என்கிறது அது. இந்த ஒரு வரிக்காகவே அந்தக் குறிப்பைப் படிக்கலாம். மரியாதையாக வளர்க்கப்பட்டவர்கள், குறிப்பாக வயதில் மூத்த சக ஊழியரிடம், மறுத்துப் பேசுவதையே பண்பின்மையாக எண்ணுகிறார்கள். எதிர்த்து நிற்பதும் பண்பட்டவருக்கு உரிய கருவிதான் என்று ஒரு நடுநிலையான வினாத்தொகுப்பு சொல்லும்போது அவர்களுக்கு அது அனுமதியாக அமைகிறது. போட்டியிடல் என்றால் குரலை உயர்த்துவது என்று பொருள் இல்லை. ‘இந்த அறிக்கையின் இறுதி முடிவு என்னிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது, உங்கள் கருத்தை வியாழக்கிழமைக்குள் தாருங்கள், சேர்க்க வேண்டியவற்றைச் சேர்த்துக்கொள்கிறேன்’ என்று அமைதியாகச் சொல்வதும் போட்டியிடல்தான். அதே வாக்கியத்தில், கருத்துக் கேட்கப்படும் அளவில் ஒத்துழைப்பும் இருக்கிறது. முடிவெடுக்கும் உரிமை மட்டும் கை மாறவில்லை.

தவிர்த்தலுக்கும் குறிப்பு நியாயமான இடம் தருகிறது: விஷயம் அற்பமானதாக இருந்தால், சினம் தணியும் வரை, வேறொருவர் இதை நன்றாகத் தீர்க்க முடியும் என்றால், கண்ணில் படும் தகராறு வேறொரு பெரிய சிக்கலின் அறிகுறி மட்டுமே என்றால். கடைசி இரண்டும் நமக்கு உரியவை. கூட்ட அறையின் இருக்கை ஏற்பாட்டைத் தாமே மாற்றிய சக ஊழியரோடு அதற்காக மல்லுக்கு நிற்பது வீண். அவர் அடுத்த வாரப் பணிப் பட்டியலைத் தயாரித்து எல்லோருக்கும் அனுப்பினால், அதை மேலாளர் முன்னால் வைப்பதே சரி. முதலாவதில் வாயை மூடிக்கொண்டவருக்குத்தான் இரண்டாவதில் வாய் திறக்கும்போது மதிப்பு இருக்கும். சமரசத்தைப் பற்றி மட்டும் குறிப்பு இன்னும் எச்சரிக்கையாக எழுதப்பட்டிருக்கலாம். வேலைப் பளுவையும் காலக்கெடுவையும் பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்ளலாம். ஒருவருக்கு இல்லாத அதிகாரத்தைப் பாதியாகப் பிரித்தால், முன்பு ஒன்றும் இல்லாதவருக்குப் பாதி கிடைத்துவிடுகிறது. ‘சரி, வெளியூர் வாடிக்கையாளர்களை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சண்டையைத் தவிர்க்கச் சொல்லப்படும் வார்த்தை, அடுத்த மதிப்பீட்டில் அவருடைய பணி வரலாற்றில் ஒரு வரியாக நிற்கும்.

இங்கேதான் கருவியின் பெரிய குறை தெரிகிறது. இருவர் விருப்பம் முரண்படுகிறது என்ற இடத்திலிருந்து அது புறப்படுகிறது. இருவரில் யாருக்கு முடிவெடுக்கும் உரிமை உண்டு என்ற கேள்வி அதன் 30 இணைகளில் எங்கும் இல்லை. நாட்டாமைச் சிக்கலின் மையமோ அந்தக் கேள்விதான். என்ரி ஃபயோல் என்ற பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளர் 1916-இல் வகுத்த 14 மேலாண்மைக் கொள்கைகளில் ஒன்று, ஊழியர் ஒருவர் ஒரே ஒரு மேலதிகாரியிடமிருந்து மட்டுமே ஆணை பெற வேண்டும் என்பது. இன்னொன்று, அதிகாரமும் பொறுப்பும் பிரியாமல் சேர்ந்தே செல்ல வேண்டும் என்பது. வரம்பு மீறுபவர் இரண்டையும் ஒருசேர உடைக்கிறார்: இரண்டாவது மேலதிகாரியாக முளைக்கிறார், ஆனால் வேலை கெட்டுப்போனால் பதில் சொல்லும் பொறுப்பை எடுத்துக்கொள்வதில்லை. சம நிலையில் உள்ளவர்கள் மேலிடம் வழியாகச் சுற்றிச் செல்லாமல் நேரடியாகப் பேசித் தீர்த்துக்கொள்வதை ஃபயோல் மறுக்கவும் இல்லை. அதற்கு இரு தரப்பும் உடன்பட வேண்டும், அவரவர் மேலதிகாரிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் நிபந்தனை வைத்தார். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும், உதவி எது அத்துமீறல் எது என்று பிரித்தறிய இதைவிடக் கூர்மையான அளவுகோலை நான் கண்டதில்லை. உங்களுக்கு உடன்பாடு இருந்ததா, மேலாளருக்குத் தெரியுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் ‘ஆம்’ என்றால் அது ஒத்துழைப்பு.

ஆகவே இந்தக் கருவியைத் தனியே வாங்குவது, கண்ணாடியை வாங்கிவிட்டு வீட்டு வரைபடத்தை மறந்துவிடுவது போலாகும். வரைபடத்தின் வேலையைச் செய்வது, செலவே இல்லாத ரேசி அட்டவணை. பிரிவின் ஒவ்வொரு வேலைக்கும் அதைச் செய்பவர் யார், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார், யாரைக் கலந்தாலோசிக்க வேண்டும், யாருக்குத் தகவல் மட்டும் போதும் என்று நான்கு கட்டங்களில் எழுதுவது அதன் முறை. ஒரு வேலைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர் மட்டுமே இருக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடியான விதி. பெரும்பாலான நாட்டாமைகள், கலந்தாலோசிக்கப்பட வேண்டியவர் தம்மைப் பதில் சொல்ல வேண்டியவராகக் கற்பனை செய்துகொள்வதிலிருந்தும், தகவல் மட்டும் பெற வேண்டியவர் தம்மிடம் அனுமதி கேட்கப்பட வேண்டும் என்று எண்ணுவதிலிருந்தும் பிறக்கின்றன. மேலாளர் ஒப்புதலோடு அந்த அட்டவணை எழுதப்பட்டுவிட்டால், ‘நீங்கள் வரம்பு மீறுகிறீர்கள்’ என்று யாரும் யார் முகத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை; தாளைக் காட்டினால் போதும்.

அட்டவணை எழுதப்பட்ட பிறகும் சிலர் அடங்குவதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. ஜான் ஃபிரெஞ்சும் பெர்ட்ரம் ரேவனும் 1959-இல் அதிகாரத்தின் ஊற்றுகளை ஐந்தாகப் பிரித்தார்கள்: பதவி தருவது, பரிசளிக்கும் வலிமை தருவது, தண்டிக்கும் வலிமை தருவது, திறமை தருவது, பிறர் கொண்ட மதிப்பும் ஈர்ப்பும் தருவது. நம் சக ஊழியரிடம் முதல் மூன்றும் இருப்பதில்லை. பல ஆண்டு அனுபவத்தால் நான்காவது இருக்கும், மேலாளரோடு உள்ள நெருக்கத்தால் ஐந்தாவது இருக்கும். அவற்றைக் காட்டி முதலாவதைப் போலச் செலவழிப்பதுதான் அவருடைய உத்தி. பழைய மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று அவருக்கு மட்டுமே தெரியும் என்றால், அதைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும். அந்த மென்பொருளை யார், எப்போது பயன்படுத்தலாம் என்று அவர் உத்தரவிட முடியாது. திறமைக்கு உரிய மதிப்பை முழுமையாகக் கொடுத்து, உத்தரவுக்கு உரிய கீழ்ப்படிதலை முழுமையாக நிறுத்திக்கொள்வது என்ற இந்த நுட்பமான பிரிவினையை தாமஸ்–கில்மன் அறிக்கை கற்றுத் தராது.

கருவியைப் பயன்படுத்தும்போது நிகழக்கூடிய பெரிய தவறு, வரம்பு மீறுபவரைத் திருத்தும் நோக்கத்தோடு இருவரையும் சேர்த்து உட்காரவைத்து நிரப்பச் சொல்வது. இது முழுக்க முழுக்கத் தம்மைப் பற்றித் தாமே சொல்லும் விடைகளை நம்பியிருக்கும் கருவி. ஒருவர் நடத்தை பிறருக்கு எப்படித் தெரிகிறது என்று இது அளப்பதில்லை. நாட்டாமை செய்பவர் பல வேளைகளில் தம்மை உதவி செய்பவராகவே உண்மையாக நம்புகிறார், அந்த நம்பிக்கையோடு நிரப்பினால் ஒத்துழைத்தலில் உயர்ந்த மதிப்பெண்ணோடு எழுந்து வருவார். பிறகு அந்தத் தாளைக் காட்டி, ‘பாருங்கள், சிக்கல் என்னிடம் இல்லை’ என்பார். போட்டியிடலில் உயர்ந்த எண் வந்தாலும் நன்மை இல்லை. அதைத் தலைமைப் பண்பின் சான்றிதழாக மாட்டிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். இருவரும் சேர்ந்து அமர வேண்டிய நிலை வந்தால், அதற்கு வினாத்தொகுப்பு போதாது. இரு தரப்பையும் சாராத பயிற்சி பெற்ற நடுவர் ஒருவர் வேண்டும். அங்கும் பேச வேண்டியவை மதிப்பெண்கள் அல்ல. எந்த நாளில், எந்த வேலையில், எந்த முடிவு யாருக்குத் தெரியாமல் எடுக்கப்பட்டது, அதனால் என்ன தாமதம் அல்லது குழப்பம் நேர்ந்தது என்ற நிகழ்வுகள்தான்.

மேலாளர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கருவியை உங்கள் பிரிவுக்கு வாங்கித் தருவதற்கு முன், அந்த நாட்டாமை எந்த வெற்றிடத்தில் முளைத்தது என்று பாருங்கள். முடிவு சொல்லாமல் நாள் கடத்தும் மேலாளருக்குக் கீழேதான் அது செழிக்கிறது, அவர் விடுப்பில் போகும்போது யார் பார்த்துக்கொள்வார் என்று எழுதிவைக்காத இடத்தில்தான் அது பட்டம் சூட்டிக்கொள்கிறது. உங்கள் சார்பில் வேலை பார்க்க ஒருவரை வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு, அதை மற்றவர்களிடம் சொல்லாமல் விட்டிருந்தால், வரம்பு மீறியவராகக் குற்றம் சாட்டப்படும் அவர் உங்கள் ஆணையைத்தான் நிறைவேற்றிக்கொண்டிருக்கக்கூடும். அப்படிப்பட்ட இடத்தில் ஊழியர்களை மோதல் அணுகுமுறை வினாத்தொகுப்பை நிரப்பச் சொல்வது, நிர்வாகத்தின் வேலையை அவர்கள் மனப்போக்கின் மீது சுமத்துவதாகும்.

அத்துமீறல், அவமதிப்பாகவும் மிரட்டலாகவும் மாறிவிட்ட இடத்தில் இந்தக் கருவிக்கு வேலையே இல்லை. பிறர் முன்னிலையில் இழிவாகப் பேசுவது, வேலையைப் பறித்து ஒதுக்கிவைப்பது, வேலை போய்விடும் என்று அச்சுறுத்துவது போன்றவை மோதல் அல்ல. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் ஏற்றுக்கொண்டு 2021 ஜூன் 25-இல் நடைமுறைக்கு வந்த 190-ஆம் உடன்படிக்கை, பணியிட வன்முறையையும் துன்புறுத்தலையும் தடுக்க வேண்டிய கடமையைப் பற்றியே பேசுகிறது. அத்தகைய நிலையில் நாளும் நேரமும் குறித்த பதிவுகளோடு முறையான புகார் வழியில் செல்ல வேண்டும். ‘உங்களுடைய மோதல் பாணி என்ன’ என்று பாதிக்கப்பட்டவரிடம் கேட்பது அந்தக் கட்டத்தில் கொடுமை.

யார் வாங்கலாம் என்றால், வரம்பு மீறுதல் இன்னும் சிறு சிறு வேண்டுகோள்களின் கட்டத்தில் இருப்பவரும், ஒவ்வொரு முறையும் ‘சரி, பரவாயில்லை’ என்ற விடை தம் வாயிலிருந்து ஏன் வருகிறது என்று புரிந்துகொள்ள விரும்புபவரும் தயங்காமல் வாங்கலாம். தங்கள் பதிலைத் தாங்களே வாக்கியமாக எழுதிப் பழகும் மன உறுதி இருந்தால் பயிற்சியாளர்கூடத் தேவையில்லை. சக ஊழியரை மாற்றும் மந்திரம் தேடுபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். வேலைப் பொறுப்புகள் எழுத்தில் இல்லாத அலுவலகத்தில் இருப்பவர் முதலில் அந்த அட்டவணைக்காக மேலாளரிடம் மன்றாட வேண்டும், கருவி பிறகு. ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், தன்னைப் பார்த்துக்கொள்ள நான்கு, அடுத்தவரைக் கையாள இரண்டு என்று தனித்தனியாகவே கொடுப்பேன்.

அலுவலகம் வாங்கித் தரும் இணைய வடிவத்தில் நிரப்பும் முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் அறிக்கை உங்களுக்கு மட்டும் வருமா, மனிதவளத் துறைக்கும் பயிற்சியாளருக்கும் மேலாளருக்கும் போகுமா, எவ்வளவு காலம் சேமித்துவைக்கப்படும்? தெளிவான விடை கிடைக்கவில்லை என்றால், தாள் வடிவத்தை உங்கள் செலவிலேயே வாங்கி, வீட்டில் அமர்ந்து நிரப்பிக் கூட்டிக்கொள்வது நல்லது. விடைகள் உண்மையாக இருப்பதற்கு அதுவே கூடுதல் உத்தரவாதம்.